மேனேஜ்டு ஸ்விட்ச்: டிராஃபிக் கையாளுதலும் லிங்க் அக்ரிகேஷனும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களிலும், கோவையின் பம்ப் மற்றும் வார்ப்புத் தொழிற்சாலைகளிலும், ஈரோடு, கரூர் வட்டார ஜவுளி நிறுவனங்களிலும் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவருக்குப் பெரும்பாலும் அது ஒன்று மட்டுமே வேலை அல்ல. கணினி, கேமரா, வருகைப் பதிவுக் கருவி, யு.பி.எஸ். எல்லாம் அவர் பொறுப்பிலேயே இருக்கும். அத்தகையவர்கள் மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கும்போதும் அமைக்கும்போதும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

எங்கள் பனியன் கம்பெனியில் சாதாரண ஸ்விட்சுகளே பல ஆண்டுகளாக ஓடுகின்றன. மேனேஜ்டு ஸ்விட்ச் கூடுதலாக என்ன செய்கிறது?

அடிப்படை வேலை இரண்டிலும் ஒன்றே. உள்ளே வரும் ஃபிரேமின் (தரவுத் துண்டின்) சேருமிட மேக் முகவரியை, அதாவது கருவியின் வன்பொருள் அடையாள எண்ணைப் பார்த்து, அந்த முகவரி எந்தப் போர்ட்டின் பக்கம் இருக்கிறதோ அங்கே அனுப்புவதே எந்த ஸ்விட்சின் வேலையும். சாதாரண ஸ்விட்ச் பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடும். மேனேஜ்டு ஸ்விட்சில், கட்டிங் பிரிவின் கணினிகளையும் கேமராக்களையும் வி-லேன் எனப்படும் தனித்தனி வலைகளாகப் பிரிக்கலாம். தொலைபேசிக் குரலுக்கு முன்னுரிமை தரலாம். இரண்டு மூன்று கேபிள்களை ஒரே இணைப்பாகத் தொகுக்கலாம். யாரோ தவறாகச் செருகிய கேபிளால் உண்டாகும் சுழற்சியைத் துண்டிக்கலாம். இவை எல்லாவற்றையும் விட நான் பெரிதாக மதிப்பது, ஒவ்வொரு போர்ட்டிலும் எவ்வளவு போனது, எவ்வளவு பிழையானது, எவ்வளவு கைவிடப்பட்டது என்று அது எண்ணி வைப்பதைத்தான். அந்த எண்கள் இல்லாமல் எடுக்கும் எந்த முடிவும் ஊகமே.

இடைப்பட்ட விலையில் ஸ்மார்ட் ஸ்விட்ச் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் வி-லேன், முன்னுரிமை, தொகுப்பு ஆகிய வசதிகள் பெரும்பாலும் இருக்கும். ஆனால் தொகுப்பு என்று அட்டையில் எழுதியிருந்தாலும் எல்.ஏ.சி.பி. (இரு முனைகளும் தமக்குள் பேசித் தொகுக்கும் நெறிமுறை) உண்டா என்று தனியாகப் பார்த்து வாங்க வேண்டும். சில மலிவான மாதிரிகளில் கைமுறைத் தொகுப்பு மட்டுமே இருக்கிறது.

நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நெரிசல் எங்கே என்று எப்படி அறிவது?

ஸ்விட்சின் நிர்வாக இணையப் பக்கத்திலோ எஸ்.என்.எம்.பி. (கருவியின் நிலையைத் தொலைவிலிருந்து படிக்கும் நெறிமுறை) வழியாகவோ இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, அப்லிங்க் போர்ட்டில் (மைய ஸ்விட்சை நோக்கிப் போகும் போர்ட்டில்) வெளியேறும்போது கைவிடப்பட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை, மற்றொன்று, சி.ஆர்.சி. பிழைகளின் (வழியில் சிதைந்துபோன ஃபிரேம்களின்) எண்ணிக்கை. முதலாவது ஏறிக்கொண்டே போனால் நெரிசல் உண்மையாகவே இருக்கிறது. இரண்டாவது ஏறினால் பெரும்பாலும் கேபிள், கிரிம்பிங் அல்லது மோட்டாருக்குப் பக்கத்தில் போகும் கம்பி ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். அதற்குத் தொகுப்போ முன்னுரிமையோ மருந்தாகாது. இரண்டும் ஏறாமல் இருந்தும் மெதுவாக இருக்கிறது என்றால், சர்வரின் ஹார்ட் டிஸ்க்கையோ மென்பொருளையோ இணையச் சேவையையோ பாருங்கள்.

சராசரிப் பயன்பாட்டைக் காட்டும் வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது. ஒரு கேமரா 4 எம்.பி.பி.எஸ். (வினாடிக்கு 4 மெகாபிட்) அனுப்புகிறது என்று கொண்டால் 40 கேமராக்களுக்கு 160 எம்.பி.பி.எஸ்.தான் ஆகும், ஒரு கிகாபிட் இணைப்பில் அது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் கேமராக்கள் சீராக அனுப்புவதில்லை. முழுப் படம் அனுப்பும் கணத்தில் ஒவ்வொன்றும் பெருவீச்சாக அனுப்பும், அந்தக் கணங்கள் பலவற்றுக்கு ஒன்றாக வந்துவிடுவதும் உண்டு. ஸ்விட்சின் இடையகம் (ஃபிரேம்கள் காத்திருக்கும் பஃபர் நினைவகம்) 1.5 மெகாபைட் என்றால், ஒரு கிகாபிட் போர்ட் வழியாக அது காலியாக ஏறத்தாழ 12 மில்லி வினாடி ஆகும். அதற்குள் அதைவிட வேகமாக உள்ளே வந்து குவிந்தால் நிரம்பி, மீதி கைவிடப்படும். ஐந்து நிமிடச் சராசரியில் இது தெரியவே தெரியாது.

வி-லேன் பிரிப்பதால் வேகம் கூடுமா, அது பாதுகாப்புக்கு மட்டும்தானா?

இரண்டுக்கும் பயன்படும், ஆனால் வேகம் கூடுவது நேரடியாக அல்ல. ஒரு கணினி எல்லோருக்குமாக அனுப்பும் பிராட்காஸ்ட், அந்த வி-லேனுக்குள் மட்டுமே பரவும். நூறு, இருநூறு கருவிகள் ஒரே வலையில் இருக்கும்போது, பழைய சி.என்.சி. எந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவி போன்ற சிறிய செயலி கொண்டவை, தமக்குத் தொடர்பே இல்லாத பிராட்காஸ்ட் ஒவ்வொன்றையும் வாங்கிப் படித்துத் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. கோவை வட்டாரத்து எந்திரப் பட்டறைகளில் இந்தக் காரணம் ஒன்றுக்காகவே எந்திரங்களைத் தனி வி-லேனில் வைக்கலாம் என்பேன்.

1998-இல் வெளியான ஐ.இ.இ.இ. 802.1கியூ தரநிலை ஃபிரேமுக்குள் நான்கு பைட் அடையாளத்தைச் சேர்க்கிறது. அதில் 12 பிட் வி-லேன் எண்ணுக்கு, பயன்படுத்தக்கூடியவை 4094. ஒரு தொழிற்சாலைக்கு அலுவலகம், கேமரா, தொலைபேசி, எந்திரங்கள், விருந்தினர் வை-ஃபை என ஐந்தாறு வி-லேன்களே போதும்.

கேமராக்களும் அவற்றின் பதிவுக் கருவியும் ஒரே வி-லேனில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அவற்றை வெவ்வேறு வி-லேன்களில் வைத்தால், கேமரா டிராஃபிக் முழுவதும் இரவும் பகலும் ரவுட்டர் வழியாகப் போய்த் திரும்பும். அந்த ரவுட்டருக்கு ஒரே ஒரு கிகாபிட் போர்ட்தான் என்றால் புதிய நெரிசலை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

முன்னுரிமை அமைப்பு எப்போது உதவும்?

நெரிசல் ஏற்படும் கணத்தில் மட்டுமே உதவும். இணைப்பு காலியாக இருக்கும்போது எல்லா ஃபிரேமும் உடனுக்குடன் போய்விடுவதால் வரிசை என்பதே உருவாவதில்லை. வரிசை உருவாகும்போது யாரை முன்னே விடுவது, இடம் போதாதபோது யாரைக் கைவிடுவது என்பதைத்தான் இந்த அமைப்பு தீர்மானிக்கிறது. அது புதிதாக ஒரு பிட் அகலத்தைக்கூட உண்டாக்குவதில்லை.

மேலே சொன்ன 802.1கியூ அடையாளத்திலேயே மூன்று பிட் முன்னுரிமைக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஆக 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். ஐ.பி. தலைப்பில் டி.எஸ்.சி.பி. எனப்படும் ஆறு பிட் குறியீடு வேறாக இருக்கிறது. ஐ.பி. தொலைபேசிகள் பொதுவாகக் குரலுக்கு டி.எஸ்.சி.பி. 46 என்று குறிக்கும். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஓர் அழைப்பு ஒரு திசையில் ஈதர்நெட் தலைப்புகளையும் சேர்த்து 90 கே.பி.பி.எஸ்.க்குள் அடங்கிவிடும். அளவில் அற்பமான இந்தக் குரல்தான் தாமதத்தால் முதலில் கெடுகிறது. ஒரு வழித் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டும் என்பது ஐ.டி.யு. ஜி.114 பரிந்துரை.

தொலைபேசி குறித்து அனுப்பிய முன்னுரிமையை ஸ்விட்ச் ஏற்கும்படி, அதாவது டிரஸ்ட் செய்யும்படி அமைக்க வேண்டும். பல ஸ்விட்சுகள், வாங்கியபோது உள்ள இயல்பு அமைப்பில் (ஃபேக்டரி டிஃபால்ட்) அதைப் பொருட்படுத்துவதில்லை. அடுத்து, முழு முன்னுரிமை வரிசையில் குரலை மட்டும் வையுங்கள். கேமராவையும் அங்கே கொண்டுபோய் வைத்தால், நெரிசலான நேரத்தில் மற்ற வரிசைகளுக்கு இடமே கிடைக்காமல் பில் போடும் கணினி தவிக்கும். மற்றவற்றுக்கு எடை வகுத்துப் பகிரும் முறையே ஏற்றது.

லிங்க் அக்ரிகேஷன் என்பது சரியாக என்ன?

இரண்டு ஸ்விட்சுகளுக்கு இடையே, அல்லது ஒரு ஸ்விட்சுக்கும் சர்வருக்கும் இடையே உள்ள பல கேபிள்களை ஒரே தருக்க இணைப்பாக நடத்துவது. 2000-ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. 802.3ஏடி என்ற பெயரில் தரநிலையாகி, 2008-இல் 802.1ஏஎக்ஸ் என்று இடம் மாறியது. பழைய கருவிகளின் பெட்டியில் இன்னும் முதல் பெயரே இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். உறுப்பினர் இணைப்புகள் எல்லாம் ஒரே வேகத்திலும் இருவழி முழு டூப்ளெக்ஸிலும் இருக்க வேண்டும்.

இரண்டு கேபிள் தொகுத்தும் ஒரு ஃபைலைக் காப்பி செய்யும் வேகம் கூடவில்லையே?

கூடாது. இந்தத் துறையில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட செய்தி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு உரையாடலைச் (இரு கருவிகளுக்கு இடையே ஓடும் ஒரு தொடர்பைச்) சேர்ந்த ஃபிரேம்கள் அனுப்பிய வரிசையிலேயே போய்ச் சேர வேண்டும் என்பது தரநிலையின் விதி. ஒரே உரையாடலின் ஃபிரேம்களை இரண்டு கேபிள்களில் மாற்றி மாற்றி அனுப்பினால், பெரியதும் சிறியதுமாக வரும் ஃபிரேம்களில் பின்னது முந்திவிடக் கூடும். ஆகவே ஸ்விட்ச் ஒவ்வொரு ஃபிரேமின் முகவரிகளையும் எடுத்து ஹாஷ் கணக்குப் போட்டு, வரும் விடையைப் பொறுத்து ஒரு கேபிளைத் தேர்ந்தெடுக்கிறது. முகவரிகள் மாறாதவரை விடையும் மாறாது. எனவே ஓர் உரையாடல் எப்போதும் ஒரே கேபிளில்தான் போகும். வட்டப் பின்னல் எந்திரத்தில் ஃபீடர்களைக் கூட்டினால் ஒரு சுற்றுக்கு இறங்கும் துணி கூடுமே தவிர, ஒரு கோனிலிருந்து ஒரு ஃபீடருக்குள் ஓடும் நூலின் வேகம் கூடுவதில்லை அல்லவா, அதைப் போன்றது இது.

கிகாபிட் இணைப்பில் ஒரு ஃபைல் காப்பியின் உச்சம் வினாடிக்கு 125 மெகாபைட். தலைப்புகள் போக நடைமுறையில் 110-க்கு மேல் கொஞ்சம் கிடைக்கும். இரண்டு கேபிள் தொகுத்தாலும் ஒருவருக்கு அதே வேகம்தான். ஆனால் பிரின்டிங் டிசைன் பிரிவில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பெரிய ஃபைல்களைத் திறக்கும்போது அவர்கள் இரண்டு கேபிள்களிலும் பிரிந்துபோனால், மொத்தமாகக் கிடைப்பது இரட்டிப்பாகும். பலர் ஒரு சர்வரைப் பயன்படுத்தும் இடத்தில் தொகுப்பு பலன் தரும். ஒரே சர்வரிலிருந்து ஒரே பேக்கப் கருவிக்குப் போகும் இரவு நேர நகலெடுப்பில் தராது.

அப்படியானால் ஹாஷ் கணக்குக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலான ஸ்விட்சுகளில் மேக் முகவரி, ஐ.பி. முகவரி, அவற்றோடு டி.சி.பி. அல்லது யு.டி.பி. போர்ட் எண் (மென்பொருள் தொடர்புகளை வேறுபடுத்தும் எண்; ஸ்விட்சின் போர்ட் அல்ல) என மூன்று நிலைகள் உண்டு. மேக் முகவரியில் விட்டுவிட்டு, கணினிகள் ஒரு வி-லேனிலும் சர்வர் வேறு வி-லேனிலும் இருந்தால் விபரீதம் நேரும்: ரவுட்டரைத் தாண்டி வரும் எல்லா ஃபிரேமும் ரவுட்டரின் ஒரே மேக் முகவரியைத் தாங்கி வருவதால் விடையும் ஒன்றே ஆகி, ஒரு கேபிள் நிரம்பி வழியும்போது மற்றது சும்மா கிடக்கும். எனவே ஐ.பி. முகவரியையும், முடிந்தால் போர்ட் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடும் தேர்வே நல்லது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஒவ்வொரு முனையும் தான் அனுப்புவதற்கு மட்டுமே கணக்குப் போடுகிறது. ஒரு முனையில் நீங்கள் திருத்திய அமைப்பு, எதிர்த் திசை டிராஃபிக்கை மாற்றாது. இரண்டு முனையிலும் திருத்த வேண்டும். மேலும் சில வன்பொருள்கள் விடையை எட்டுப் பங்காகவே வகுக்கின்றன. அவற்றில் மூன்று கேபிள் தொகுத்தால் 3:3:2 என்றுதான் பிரியும். இரண்டு, நான்கு அல்லது எட்டு என்றால் சமமாகப் பிரியும்.

கைமுறைத் தொகுப்பா, எல்.ஏ.சி.பி.யா?

இரு முனையிலும் எல்.ஏ.சி.பி. இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கைமுறைத் தொகுப்பில் எதிர் முனையில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்காமலே ஃபிரேம்கள் அனுப்பப்படும். ஒரு முனையில் தொகுத்துவிட்டு மறு முனையில் மறந்துபோனால், ஃபிரேம்கள் சுழலவோ காணாமல் போகவோ செய்யும். எல்.ஏ.சி.பி.யில் இரு முனைகளும் தம் அடையாளத்தைச் சொல்லி, ஒத்துக்கொண்ட பிறகே கேபிள் தொகுப்பில் சேரும்.

நம் பகுதியில் இதற்கு இன்னொரு வலுவான காரணம் இருக்கிறது. கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் இழுத்து இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் கருவி) வைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. நடுவில் ஃபைபர் அறுந்தாலும் கன்வெர்ட்டருக்கும் ஸ்விட்சுக்கும் இடையே உள்ள சிறு கேபிளில் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். கைமுறைத் தொகுப்பு அந்தக் கேபிளை உயிரோடு இருப்பதாகவே நம்பி, தன் பங்கு டிராஃபிக்கை அதில் கொட்டும். சிலருக்கு மட்டும் நெட்வொர்க் வேலை செய்யாது, சிலருக்குச் செய்யும், காரணம் எளிதில் பிடிபடாது. எல்.ஏ.சி.பி. இயல்பாக 30 வினாடிக்கு ஒரு செய்தி அனுப்பி, 90 வினாடி பதில் இல்லையென்றால் அந்தக் கேபிளை நீக்கிவிடும். விரைவு முறையில் செய்தி வினாடிக்கு ஒன்று; மூன்று வினாடியில் நீக்கம்.

ஆக்டிவ், பாசிவ் என்ற தேர்வில் இரு முனையையும் ஆக்டிவ் என்று வையுங்கள். இரண்டும் பாசிவ் என்றால் யாரும் முதலில் பேச மாட்டார்கள். தொகுப்பு உருவாகவே உருவாகாது.

ஒரு கேபிளை ஒரு ஸ்விட்சிலும் மற்றொன்றை இன்னொரு ஸ்விட்சிலும் செருகித் தொகுக்கலாமா?

அவை இரண்டும் தனித்தனி ஸ்விட்சுகளாக இயங்கினால் முடியாது. ஸ்டாக்கிங் மூலம் இரண்டையும் ஒரே ஸ்விட்சாக ஆக்கியிருந்தாலோ எம்-லேக் (இரண்டு ஸ்விட்சுகளில் பரவிய தொகுப்பு) போன்ற வசதி இருந்தாலோ முடியும். அந்த வசதி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால் இரண்டு ஸ்விட்சும் ஒரே நிறுவனத்துடையவையாக இருக்க வேண்டும்.

சர்வர் பக்கத்தில் என்ன செய்ய வேண்டும்?

லினக்ஸில் பாண்டிங் (கேபிள்களைத் தொகுக்கும் வசதி) முறை 4 என்பதே எல்.ஏ.சி.பி.; அதன் ஹாஷ் தேர்வை லேயர் 3+4 (ஐ.பி. முகவரியும் போர்ட் எண்ணும்) என்று மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் சர்வரிலும் பெரும்பாலான நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) கருவிகளிலும் இதே வசதி உண்டு. ஸ்விட்ச் பக்கம் தொகுக்க வழியில்லாத இடத்தில், லினக்ஸின் முறை 1, ஒரு கேபிள் போனால் மற்றதற்கு மாறும் பாதுகாப்பை மட்டும் தரும். சிறிய அலுவலகத்துக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.

தொகுப்பு இருக்கும்போது ஸ்பேனிங் ட்ரீ தேவையா?

கட்டாயம் தேவை. ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. சுழற்சி ஒன்று உருவானால் ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் முடிவின்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் தொழிற்சாலை முழுவதையும் நிறுத்திவிடும். இதைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ முறையை ரேடியா பெர்ல்மன் 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றியபோது வடிவமைத்தார். பழைய வடிவத்தில், ஒரு மாற்றத்துக்குப் பின் வலை மீண்டும் சீராக 30 முதல் 50 வினாடி ஆகும். 2001-இல் வந்த விரைவு வடிவம் பெரும்பாலும் ஓரிரு வினாடிக்குள் முடிக்கும். தொகுப்பு முழுவதும் ஸ்பேனிங் ட்ரீயின் கண்ணுக்கு ஒரே போர்ட்டாகத் தெரிவதால், உள்ளே உள்ள கேபிள்களை அது அடைப்பதில்லை.

ரூட் ஸ்விட்ச் (ஸ்பேனிங் ட்ரீ மையமாகக் கொள்ளும் ஸ்விட்ச்) எது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். எல்லா ஸ்விட்சிலும் ஸ்பேனிங் ட்ரீ முன்னுரிமை எண் 32768 என்றே விடப்பட்டால், மிகக் குறைந்த மேக் முகவரி கொண்டது ரூட் ஆகிவிடும். அது பேக்கிங் பிரிவின் மூலையில் உள்ள மிகப் பழைய ஸ்விட்சாக இருக்கலாம். மைய ஸ்விட்சுக்கு 4096 என்று குறைந்த எண்ணைக் கொடுத்தால் போதும். மேசைகளுக்குப் போகும் போர்ட்டுகளில் பி.பி.டி.யு. கார்டு (அங்கே வேறு ஸ்விட்ச் செருகப்பட்டால் போர்ட்டை மூடுவது), ஸ்டார்ம் கன்ட்ரோல் (பிராட்காஸ்ட் அளவுக்கு வரம்பு வைப்பது) இரண்டையும் இயக்குங்கள்.

ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங், ஃப்ளோ கன்ட்ரோல், ஜம்போ ஃபிரேம் ஆகியவற்றை இயக்கலாமா?

மல்டிகாஸ்ட் (ஒரே தரவைப் பலருக்கு அனுப்பும் முறை) பயன்படுத்தும் கேமராவோ அறிவிப்பு ஒலிபெருக்கியோ இருந்தால், கேட்கும் போர்ட்டுகளுக்கு மட்டும் அதை அனுப்பும் ஸ்னூப்பிங் தேவை. அப்போது வலையில் ஒரு குவெரியரும் (யாருக்கு இன்னும் வேண்டும் என்று அவ்வப்போது கேட்கும் கருவி) இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சில நிமிடங்களில் ஒலி நின்றுவிடும். ஃப்ளோ கன்ட்ரோல், ஒரு மெதுவான கருவிக்காக அந்தப் போர்ட்டின் எல்லா டிராஃபிக்கையும், குரல் உட்பட, நிறுத்திவைக்கக் கூடியது. முன்னுரிமை அமைத்த வலையில் அதை அணைத்துவைப்பதே என் பரிந்துரை. வழக்கத்தைவிடப் பெரிய ஜம்போ ஃபிரேம், வழியில் உள்ள எல்லாக் கருவியும் ஒரே அளவை ஏற்றால் மட்டுமே பயன்படும். சர்வருக்கும் பேக்கப் கருவிக்கும் தனி வி-லேன் இல்லாத இடத்தில் அதைத் தொட வேண்டாம்.

கட்டடங்களுக்கு இடையே இரண்டு செம்புக் கேபிள் இழுத்துத் தொகுக்கலாமா?

வேண்டாம். 100 மீட்டர் என்ற வரம்பு ஒருபுறம் இருக்க, கோடை மழையின்போதும் ஐப்பசி மழையின்போதும் விழும் இடி, வெளியே ஓடும் செம்புக் கேபிள் வழியாக இரு முனை ஸ்விட்சுகளையும் எரித்துவிடக் கூடும். கட்டடங்களுக்குத் தனித்தனி மின் இணைப்பும் எர்த்தும் இருந்தால் அவற்றுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடும் இருக்கும். ஃபைபரே சரி. இரண்டு ஃபைபர் இழுத்துத் தொகுப்பதானால் இரண்டையும் ஒரே பள்ளத்தில் போடாமல் வெவ்வேறு வழியாகக் கொண்டுபோங்கள். ஒரே பள்ளத்தில் போட்டால் ஜே.சி.பி. ஒரே கொத்தில் இரண்டையும் அறுத்துவிடும். நூல் மில்லிலும் நிட்டிங் பிரிவிலும் பஞ்சுத் தூசு மின்விசிறியை அடைக்கும் என்பதால், அங்கே விசிறி இல்லாத ஸ்விட்சை மூடிய ரேக்கில் வைப்பது நல்லது.

நான்கு கிகாபிட் கேபிள் தொகுப்பதற்குப் பதிலாக 10 கிகாபிட் போட்டுவிடலாமா?

புதிதாக வாங்குபவர் என்றால், ஆம். ஒரே உரையாடலுக்கும் முழு வேகம் கிடைக்கும். ஹாஷ் கணக்கின் தொல்லையும் இல்லை. ஒரே ரேக்கில் உள்ளவற்றுக்கு எஸ்.எஃப்.பி. பிளஸ் நேரடிக் கேபிள் எளிது. முறுக்குக் கம்பி என்றால் கேட்-6ஏ 100 மீட்டர் வரையும், கேட்-6 ஏறத்தாழ 55 மீட்டர் வரையும் தாங்கும். பழைய கேட்-5ஈ கம்பிகளை மாற்ற முடியாத இடத்தில், 2016-இல் வந்த 802.3பிஇசட் தரநிலையின்படி 2.5 கிகாபிட் அதே கம்பியில் 100 மீட்டர் ஓடும். ஆனாலும் வேகத்துக்காக இல்லாமல், ஒரு கேபிள் அறுந்தாலும் பேக்கிங் நிற்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே தொகுப்பை விரும்புபவர், இரண்டு 10 கிகாபிட் இணைப்புகளைத் தொகுக்கலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் வலையில் தொகுப்பை எந்த வரிசையில் அமைப்பது?

ஷிப்ட் இல்லாத நேரத்தைத் தேர்ந்தெடுத்து, முதலில் இரு ஸ்விட்சின் தற்போதைய அமைப்பையும் ஃபைலாக எடுத்துவையுங்கள். இரண்டாவது கேபிளை இன்னும் செருகாமல், தொலைவில் உள்ள ஸ்விட்சை முதலிலும் உங்கள் பக்கம் உள்ளதைப் பிறகும் அமையுங்கள். இந்த இடைவெளியில் தொடர்பு சற்று அறுபடலாம் என்பதால் அந்த முனையில் ஒருவர் நிற்பது நல்லது. வி-லேன் அமைப்பை உறுப்பினர் போர்ட்டுகளில் தனித்தனியாகச் செய்யாமல் தொகுப்பின் மேல் செய்யுங்கள். தொகுப்பு ஒரு கேபிளோடு எழுந்த பிறகு இரண்டாவதைச் செருகி, அதுவும் சேர்ந்ததை ஸ்விட்சின் நிர்வாக இணையப் பக்கத்தில் உறுதிசெய்யுங்கள். பிறகு ஒரு கணினியில் பிங் (தொடர்பைச் சோதிக்கும் கட்டளை) ஓடவிட்டு, முதல் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். அதைத் திரும்பச் செருகி, தொகுப்பில் சேர்ந்த பிறகு இரண்டாவதைப் பிடுங்கிப் பாருங்கள். இரண்டு முறையும் பிங் ஓரிரு பதிலுக்கு மேல் தவறாமல் இருந்தால், அமைப்பை நிரந்தர நினைவகத்தில் சேமியுங்கள். சேமிக்காமல் விட்டால் அடுத்த மின்வெட்டில் ஸ்விட்ச் பழைய அமைப்போடு எழும். ஒரு முனை மட்டும் தொகுப்பாகவும் மற்றது தனிக் கேபிள்களாகவும் நிற்கும்.